கன்னியாகுமரி நோட்டீஸ்

காளிராஜ்: உங்க பிரஸ்ல அடிக்க வேண்டியது பழைய நோட்டீஸ்தான் தாயி. ‘ஊனமுற்றோர்’னு இருக்கிற இடத்துல எல்லாம் ‘மாற்றுத்திறனாளிகள்’னு போட்டுரு. மத்தது அப்படியே இருக்கட்டும்.

இசைவாணி: அம்புட்டுத்தானா அண்ணாச்சி?

காளிராஜ்: அம்புட்டுத்தான். இப்ப மேடையில எல்லாம் இதான சொல்றாக. நம்ம டிராவல்ஸ் மட்டும் பழைய சொல்லைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?

இசைவாணி: நல்லா இருக்காது. இது எந்த வருசத்து நோட்டீஸ்?

காளிராஜ்: ரெண்டாயிரத்து ரெண்டு. விருதுநகர்ல இருந்து கன்னியாகுமரி. ஒரு பஸ்ஸு, நாப்பது பேரு.

இசைவாணி: அதுக்குப் பிறகு ஏழு வருசமா போகவே இல்லையா?

காளிராஜ்: கல்யாண ஆர்டரு, சபரிமலை சீசன்னு ஓடிருச்சு... நீ டைப் அடி.

இசைவாணி: ‘மாற்றுத்திறனாளிகள் உல்லாசப் பயணம். கடலில் சூரிய உதயம் கண்டு களிக்க வாரீர்...’ மாத்திட்டேன். பிரிண்டர்ல வந்திருக்கும், நீங்களே எடுத்துக்கோங்க. நான் எந்திரிச்சு வர நேரமாகும்.

காளிராஜ்: இரு இரு, எடுத்துக்கிடுதேன்... ம். லட்சணமா இருக்கு. ஆயிரம் அடிச்சிரலாமா?

இசைவாணி: ஒண்ணு கேக்கட்டா? பஸ்ஸு மாறிருக்கா?

காளிராஜ்: அதே மாதிரி வண்டிதான். ஏன்?

இசைவாணி: படி எம்புட்டு உயரம்?

காளிராஜ்: எல்லா பஸ்ஸுக்கும் உள்ளதுதான். கிளீனருக தூக்கி ஏத்திருவாங்க.

இசைவாணி: ஏத்துவாக. இறக்குவாகளா?

காளிராஜ்: ஏன் அப்படிக் கேக்க?

இசைவாணி: தாயில்பட்டியில இருந்து ஒரு பிள்ளை அந்த பஸ்ல வந்திருந்தா அண்ணாச்சி. பதினாறு வயசு, போலியோ. அவ அம்மா பட்டாசு ஆபீஸ்ல வேலை பாத்து அனுப்பி வச்சாக. நடக்கிறவுக பன்னெண்டு பேரைக் கூட்டிட்டுப் போனீக. மத்தவுககிட்ட, ‘வந்து கூட்டிட்டுப் போறேன்’னு சொன்னீக.

காளிராஜ்: கிளீனர் ரெண்டே பேருதான் தாயி. மணல்ல தூக்க முடியலைன்னு...

இசைவாணி: தெரியும். காலையில நிறுத்துன வண்டி சாயங்காலம் வரைக்கும் அங்கனயே நின்னுச்சு. பஸ்ஸுல பெரிசா ‘ஊனமுற்றோர்’னு பேனர் கட்டியிருந்தீக. அதைப் படிச்சுட்டு ஒரு அம்மா, ஜன்னல் வழியா அவ மடியில ரெண்டு வாழைப்பழத்தை வச்சுட்டுப் போச்சு.

காளிராஜ்: அந்தச் சொல்லு தப்புதான. அதைத்தான மாத்தச் சொல்றேன்?

இசைவாணி: மாத்துறது சரிதான். ஆனா புதுப் பேருல பேனர் கட்டி அங்கனயே நிறுத்துனாலும் பழம் வரும் அண்ணாச்சி. அவ கடல்ல காலை நனைக்கணும்னு வந்தவ. வழியில இறங்க முடியாதேன்னு முந்தின நாள் மத்தியானத்துல இருந்து தண்ணிகூடக் குடிக்கலை.

காளிராஜ்: சரி... வேற என்ன போடணும்ங்கிற?

இசைவாணி: வாசிக்கேன். ‘பஸ்ஸில் ஏற இறங்கச் சாய்வுப் பலகை உண்டு. கடல்வரை தூக்கிச் செல்ல எட்டு ஆட்கள் உண்டு. பெண்களுக்கு உதவப் பெண்கள் வருவார்கள். பஸ்ஸில் பேனர் கட்டப்பட மாட்டாது.’

காளிராஜ்: இதெல்லாம் போட்டா செய்யணும்ல.

இசைவாணி: செய்ய முடியலைன்னா போடாதீக. சிவகாசியில பிரஸ்ஸுக்கா பஞ்சம்? வேற எங்கனயும் அடிச்சுக்கோங்க. நான் அடிக்க மாட்டேன்.

காளிராஜ்: உங்க முதலாளிகிட்ட இப்படிப் பேசுவியா?

இசைவாணி: அவுக யாரையும் பஸ்ல விட்டுட்டுப் போகலையே, இப்படிப் பேச.

காளிராஜ்: தலைப்புக்கு என்ன போட?

இசைவாணி: ‘கன்னியாகுமரி சுற்றுலா’. யாருக்குன்னு கீழ இருக்கட்டும், நீங்க சொன்ன புதுச் சொல்லே.

காளிராஜ்: சரி. பலகைக்கு இன்னைக்கே ஆசாரிகிட்டச் சொல்றேன். நீ அடி.

இசைவாணி: நிசமாத்தான் சொல்றீகளா?

காளிராஜ்: நிசமாத்தான்.

இசைவாணி: இம்புட்டுச் சொன்னேன்... அந்தப் பிள்ளை யாருன்னு நீங்க கேக்கவே இல்லையே அண்ணாச்சி?

காளிராஜ்: டிரைவருக்குப் பின்னால ரெண்டாவது சீட்டு, ஜன்னலோரம். பதினோரு மணிக்கு ஒருக்கா வந்து பஸ்ஸுகிட்ட நின்னேன். உன் முகத்தைப் பாத்துட்டு உள்ள ஏறத் தைரியம் வரலை, திரும்பிப் போயிட்டேன். விருதுநகர்லயே நாலு பிரஸ் இருக்கு தாயி. இங்கன நீ இருக்கன்னு கேள்விப்பட்டுத்தான் வந்தேன்.