கனகாம்பாளின் கப்பல்கள்

— சைக்கிள தள்ளிக்கினே வா மாமா, ஏறி மிதிக்காத. பின்னால ஏழு மாசக்காரி ஒக்காந்துருக்கேன்.

— தள்ளிக்கினுதான வரேன் கனகா! நீ மொதல்ல சிரிப்ப நிறுத்து, வண்டி ஆடுது. வேப்பம்பட்டு ஸ்டேஷன்ல எறங்குனதுலேர்ந்து ஒரே இளிப்பு. மெட்ராசுல இன்னா நடந்துச்சி?

— என் புரோகிராம் ஓடிடுச்சி! கம்ப்யூட்டருக்குள்ள கப்பலுங்க தானா வருது, துறைமுகத்துல க்யூவுல நிக்குது, சரக்க எறக்கிட்டுப் போவுது!

— போன வாரம் அழுதுகினு வந்தியே, அதுவா? வேற ஆளுக்குக் குடுத்துருவேன்னாரே உங்க ஆபீசர்?

— அதேதான். எண்ணெக் கப்பலுக்கு ஒரு தபா எழுதுனேன். கோதுமக் கப்பலுக்கு அதையே இன்னொரு தபா. இங்க திருத்துனா அங்க ஒதைக்கும். பேஜாரு!

— அப்புறம்?

— இந்தக் கம்ப்யூட்டர் பாஷைய உண்டாக்குன நார்வேக்காரங்க எழுதுன புத்தகத்த காலைல மறுபடி படிச்சேன். சட்டுனு வெளங்கிடுச்சி! ‘கப்பல்’னு பொதுவா ஒரு கிளாஸ் எழுதணும்.

— பள்ளிக்கூடத்து கிளாசா?

— இல்லய்யா, வகை. வர்றது, நிக்கறது, போறது, எல்லாம் அதுலயே எழுதிடணும். எண்ணெக் கப்பல் அதுக்கு வாரிசு. எல்லாம் தானா வந்துரும். புதுசா இருக்கறத மட்டும் எழுதுனாப் போதும்.

— ஓ, நைனா சொத்து மாதிரி. அண்ணன் பாதி, நான் பாதி.

— அங்கதான் தப்பு! சொத்த பங்கு போட்டா கொறையும். இது, பத்து வகை வந்தாலும் பத்துக்கும் முழுசு!

— அட்றா சக்க! ஆனா எண்ணெய கிரேன்ல தூக்க முடியாதே?

— கேட்ட பாரு, அதான் கேள்வி! ‘எறக்கு’ன்னு ஒரே பேச்சுதான் சொல்வேன். கோதுமக் கப்பல் கிரேன்ல எறக்கும், எண்ணெக் கப்பல் பைப்புல எறக்கும். அந்த ஒண்ண மட்டும் அதது தனக்கு ஏத்தாப்புல மாத்திக்கும்.

— அப்ப எம் புள்ள என்ன மாதிரியே சாப்புடும், நடக்கும். தூக்கம் மட்டும் வேற மாதிரியா?

— உன் கொறட்டைய நான் மாத்தி எழுதிருவேன்!

— ஏய், ஆடாத, உழுந்துருவ! ஆபீசர் இன்னா சொன்னாரு?

— கொழந்த பொறந்து நீ திரும்பி வர்ற வரைக்கும் இத யாரும் தொடமாட்டாங்கம்மான்னாரு.

— சபாஷ்! இதுக்குத்தானா இந்தச் சிரிப்பு?

— பாதிதான் இதுக்கு.

— மீதி?

— நில்லு, ஹாண்டில்பார கெட்டியா புடிச்சிக்கோ. மத்தியானம் ஆசுபத்திரிக்குப் போனேன்ல? டாக்டரம்மா தடவிப் பாத்தாங்க, மறுபடி மறுபடி காது வெச்சிக் கேட்டாங்க. உள்ள ரெண்டு பேரு இருக்காங்களாம் மாமா!