பரீட்சையில் பெயிலான மிளகு வியாபாரி

மாத்தளையிலிருந்து உக்குவளைக்குப் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டிலிருந்த மிளகு வியாபாரி பக்கத்திலிருந்த தன் மச்சானிடம் மெதுவாகச் சொன்னார்: "நேத்து பரீட்சையில பெயிலாயிட்டேன்."

வியாபாரிக்கு அறுபது வயதிருக்கும். மச்சான் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"என்ன பரீட்ச?"

"போன்ல இண்டெக்ஸ் ஃபண்ட் வாங்கப் போனேன் மச்சான். நூறு கம்பனிட பங்கை ஒண்ணா கட்டுன பொட்டலம். பங்குச் சந்தையில விக்கிறாங்க. அது சிக்கலான முதலீடாம். வெளங்குதான்னு பத்துக் கேள்வி கேட்டு, ஒங்களுக்குத் தர ஏலாதுன்னுட்டாங்க."

"ஒரு பொட்டலத்துல என்ன சிக்கல்?"

"அதான் எனக்கும் வெளங்கல்ல."

பஸ் ஒரு வளைவில் சாய்ந்து நிமிர்ந்தது.

"பல்லேகமயில மிளகு வாங்கினீங்களே, காய் புடிச்சிட்டா?"

"இன்னும் பூதான். கொடியப் பாத்து வெல பேசி, முழுக் காசும் குடுத்துட்டேன்."

"மழ இல்லாம பூ கொட்டுனா?"

"போனதுதான்."

"எழுத்து ஏதும் இருக்கா?"

"வாய்ப் பேச்சுதான்."

"அந்த முதலீட்டுக்கு யாரும் பரீட்ச வெக்கல்லையா?"

வியாபாரி முழுதாகத் திரும்பி அவரைப் பார்த்தார். பெயிலானதுகூட அவரை இவ்வளவு உலுக்கியிருக்காது.

"அது எப்படி முதலீடாகும், மச்சான்? அது மிளகு."