மெழுகுவத்தியைக் குளிர வைத்தவன்

எனக்குச் சாமந்திப் பூ பிடிக்கும். விலை மலிவு, இரண்டு நாள் வாடாது. விசாரணைக் குழு எப்படியும் கேட்கும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் குமரேசன். ஆரணியில் ஒரு கல்லூரியின் நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருடமாக உதவியாளர். வீட்டில் பட்டுத் தறி. எனக்கு அது கைவராததால் இந்த வேலை. அமலா இங்கே முனைவர் பட்டத்துக்காக நிமோனியாக் கிருமியை வளர்த்துவந்தாள். நல்ல பெண். கிருமிகூட அவளிடம் மரியாதையாகத்தான் நடந்துகொண்டது, நான் குறுக்கே வரும்வரை.

"இது கரியமில வாயுவ ஒரு நொதியால புடிச்சு, தன் உடம்பாவே மாத்திக்கினு வளருதுண்ணா," என்று எனக்குச் சொல்லித் தந்தாள். "அந்த வாயு கொறஞ்சா வளராது. அத மட்டும் காட்டிட்டேன்னா என் ஆராய்ச்சி முடிஞ்சிது."

ஏற்பாடு எளிது. கிருமித் தட்டுகளைக் கண்ணாடி ஜாடியில் வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, மூடி போட வேண்டும். சுடர் உள்ளேயே எரிந்து அணையும்போது கிருமிக்கு வேண்டிய வாயு சேர்ந்திருக்கும். ஏற்றுவதும் மூடுவதும் என் வேலை.

எங்கள் வீட்டில் புதுப் பாவு நூல் ஏற்றும்போது தறிக்கு விளக்கு வைப்போம். அதை ஊதவும் மாட்டோம், தானாக அணையவும் விட மாட்டோம். பூவால் தொட்டுக் குளிர வைப்போம். ஜாடிக்குள் சுடர் திணறுவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. ஏற்றியவுடனே சாமந்தியால் குளிர வைத்து, அப்புறம் மூடினேன். அமலா வந்து பார்க்கையில் மெழுகுவத்தி அணைந்திருக்கும், ஜாடி மூடியிருக்கும். சந்தேகப்பட என்ன இருக்கிறது?

தட்டுகள் துடைத்துவைத்த மாதிரி இருந்தன. முப்பத்து நான்கு முறை. கோடிக்கணக்கில் பட்டினிச் சாவு. அவை நோய்க்கிருமிகள், ஒருவகையில் ஊருக்கு நல்லதுதான் செய்திருக்கிறேன்.

அமலாதான் இளைத்துப்போனாள். "நாலு மாசமா இன்னாம்மா பண்ணிகினு இருந்த?" என்று வழிகாட்டி சிவப்பிரகாசம் சார் எல்லோர் முன்னாலும் கேட்டார். ஆய்வேடு தர வேண்டிய தேதி தாண்டியது. பெங்களூரில் கிடைத்திருந்த வேலை வேறு யாருக்கோ போனது. அவள் அழும்போதெல்லாம் நான்தான் டீ வாங்கி வந்தேன். "நீங்க ஒருத்தர்தாண்ணா எனக்கு ஆறுதல்," என்றாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பதினோரு வருடத்தில் இங்கே யாரும் என்னோடு உட்கார்ந்து டீ குடித்ததில்லை.

முந்தாநாள் ஒரு தட்டில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. புதுவகைக் கிருமி என்று அமலா துள்ளிக் குதித்தாள். அவள் சிரித்துப் பல நாளாகிவிட்டதே என்று நானும் கைதட்டினேன். சார்தான் மோந்து பார்த்து, சாமந்தி இதழ் என்றார்.

செய்தது நான்தான். விளக்கின் மேல் உள்ள பக்தி, வேறொன்றுமில்லை. முந்தைய வருடங்களில் அதே ஜாடியில் எத்தனையோ மெழுகுவத்திகள் தானாக அணைந்தனவே என்று குழு கேட்கிறது. உண்மைதான். பெங்களூர் வேலைக்குக் கடிதம் வந்துவிட்டதென்று அமலா எனக்குப் பால்கோவா தந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. எங்கள் வீட்டு வழக்கம் எனக்கு ஞாபகம் வந்தது புதன்கிழமை காலையில்.