சேலைப் பொட்டலமும் மேலப் புஞ்சையும்

அறுபதுகளில் ஒரு காலை, கடையத்திலிருந்து தென்காசி சென்ற பேருந்தில் என் முன்னிருக்கையில் ஓர் அக்காவும் தம்பியும் அமர்ந்திருந்தனர். பத்திர அலுவலகத்துக்குப் போகிறார்கள் என்பது அவள் மடியிலிருந்த சேலைப் பொட்டலத்திலேயே தெரிந்தது. தகப்பனார் நிலத்தில் தன் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடும் பெண்ணுக்கு, உடன்பிறந்தவன் புதுச்சேலை எடுத்துக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

"ஏலே, இந்தச் சேலையை வச்சுக் கெணறு தோண்ட முடியுமா?" என்றாள் அக்கா.

"என்னக்கா சொல்லுத? கலரு பிடிக்கலையா?"

"கலரு நல்லாத்தான் இருக்கு. நீ மதராஸ்ல உத்தியோகம் பாக்கே. மேலப் புஞ்சையில உழுது வெதைக்கது நானு. கெணறு வெட்டச் சர்க்கார் கடன் கேட்டா, பட்டா எம் பேர்ல இருக்கான்னுதான் கேக்காக. எல்லாம் உன் பேருக்குப் போயிட்டா, நீ லீவு போட்டு வரமுட்டும் புஞ்சை தரிசாத்தான் கெடக்கும்."

சன்னல் வழியே குற்றாலத்துச் சாரல் அடித்தது. தம்பி படுதாவை இறக்கிவிட்டு அக்கா பக்கம் திரும்பினான்.

"அப்பம் மேலப் புஞ்சையை உன் பேருக்கே எழுதிருவோம். மத்ததுக்குக் கையெழுத்துப் போடுவியா?"

"போடுதேன்."

"சரி, புஞ்சை வாங்குனவளுக்குச் சேலை கெடையாது. இங்க குடு," என்று சிரித்தபடி கையை நீட்டினான்.

அவள் பொட்டலத்தை முந்தானைக்குள் மூடிக்கொண்டாள்.

"போலே. கெணத்துல தண்ணி வருத அன்னைக்கு நான் எதைக் கட்டிக்கிட்டு நிக்க?"