வெண்ணெய்வாத்துக்குச் சாட்சி கேட்டவருக்கு

சொல்லின் பிறப்புக்குச் சான்று தேடிச் சோர்வறியாத செம்மலே, லுண்ட் நகர அகராதி அலுவலகத்தில் நாற்பத்தொரு ஆண்டுகள் பென்சிலும் பிடிவாதமுமாய்ப் பணியாற்றிய பெருந்தகையே, எங்கள் குன்வோர் அம்மையாரே, வணக்கம்.

வாழ்த்த வந்த நாங்கள் அஞ்சி நிற்கிறோம். இன்று நீங்கள் ஓய்வு பெறுவதால், நாளை முதல் அச்சுக்குப் போகும் தாள்களில் உங்கள் பென்சில் குறி இராது.

மறப்போமா அந்த வெள்ளிக்கிழமையை? வெண்ணெய் தடவிய ரொட்டிக்கு வீட்டுக்கு வீடு வழங்கும் 'ஸ்மோர்கோஸ்' என்னும் நம் சொல், 'ஸ்மோர்' வெண்ணெய், 'கோஸ்' வாத்து என 'வெண்ணெய்வாத்து' என்று பிரிவானேன்? கடையும்போது மிதந்து வரும் வெண்ணெய்க் கட்டியை வாத்து என்றார்கள் என இரண்டு பழைய அகராதிகள் சொல்லின. நாங்களும் அப்படியே எழுதிவிட்டோம். இரண்டுமே மூன்றாவது ஒன்றைப் பார்த்து எழுதியவை என்று கண்டுபிடித்து, மூன்று மணிக்கு அச்சகம் கேட்ட தாளை இரண்டரைக்கு நிறுத்தினீர்கள். தொலைபேசி ஓயாமல் அலறியது. நம் தூரே பொறுக்கமாட்டாமல் கடைக்கு ஓடிப் பாலாடை வாங்கி வந்து, காப்பி அறையில் சட்டை நனையக் கடைந்து காட்டினார்.

"பாருங்க, வாத்து மாதிரியே மிதக்குது. இனியாவது கையெழுத்துப் போடுங்க, குன்வோர்."

"மிதக்குது, சரி. அதை வாத்துன்னு ஜனங்க கூப்பிட்டதை நீ எங்கே பார்த்தே?"

"அகராதியிலதான்."

"அகராதி எழுதுறவங்களே அகராதியைப் பார்த்து எழுதினா, ஜனங்களை யாரு கேக்குறது?"

"நீங்க ஓய்வு பெத்தாத்தான் எங்களுக்கு விடிவுகாலம்" என்று முணுமுணுத்தார் தூரே.

திங்கட்கிழமை, நிலவறைப் பெட்டிகளின் அடியிலிருந்து ஒரு பண்ணைக்காரியின் பழைய கடிதத்தோடு, தலையெல்லாம் தூசியாக ஏறி வந்தீர்கள். தன் தாழியில் 'வாத்து' மிதந்ததாக அவளே எழுதியிருந்தாள். நாங்கள் எழுதியது சரிதான். ஆனால் எழுதியபோது அது சரியென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அன்று சினந்தோம். இன்று ஒளிக்காமல் சொல்கிறோம்: பிழை விட்டாலும் நீங்கள் பிடிப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் இத்தனை காலம் நிம்மதியாக உறங்கினோம். இனி அந்தக் கேள்வியைக் கேட்க யார் இருக்கிறார்கள்? பயமாக இருக்கிறது, அம்மையீர்.

கடலோர வீட்டில் காப்பி ஆறாமல், கண்ணொளி குன்றாமல், நோயும் நொடியும் அண்டாமல் நூறாண்டு வாழ்க நீங்கள்.

இம்மடலில் பதினான்கு கையெழுத்துகளுக்குப் பதின்மூன்றே இருப்பதைப் பொறுத்தருள்க. காலையில் நாங்கள் நாளைய தாளை நீட்டியபோது தூரே, "இதை நீங்க எங்கே பார்த்தீங்க?" என்று கேட்டார். அச்சை நிறுத்திவிட்டு நிலவறைக்கு இறங்கியவர், இன்னும் மேலே வரவில்லை.

அன்போடும் அச்சத்தோடும்,
அகராதி அலுவலகப் பணியாளர்கள் பதின்மூவர்