முட்ட முட்டத் தண்ணி

அந்த பாட்டில மூடுங்க தம்பி. உங்க மேல கோவம் இல்ல. நீங்க மடக்மடக்னு குடிக்கிற சத்தம் கேட்டாலே எனக்கு அடிவயித்துல முட்டுது.

பாத்ரூமா? அதோ தெரியுதே, தெரியாமலா. போகக் கூடாது. போன தடவை அதத்தான் செஞ்சேன். நிறைய தண்ணி குடிச்சுட்டு அடக்கிக்கிட்டு உக்காருங்க, அப்பத்தான் ஸ்கேன்ல தெரியும்னாங்க. குடிச்சேன். உக்காந்தேன். மிஷின் ரிப்பேர்னு கதவச் சாத்திட்டாங்க. மனுஷன் எவ்வளவு நேரந்தான் தாங்குவான்? போயிட்டு வந்தேன். அந்நேரம் பாத்து கூப்பிடுறாங்க. மூத்திரப் பை காலி, வேற நாள் வாங்கன்னுட்டாங்க. இன்னிக்கு உயிரே போனாலும் எழுந்திருக்கறதா இல்ல.

நடந்தா இன்னும் மோசம். இப்படிக் கால ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்கறதுதான் வழி. உங்க நாற்காலியும் சேந்து ஆடுதா? பொறுத்துக்கோங்க.

தண்ணி குடிக்கிற ஆளே இல்லங்க நான். கிரேன் ஓட்டுனவன். பெரிய கட்டடம் கட்டுற இடத்துல உச்சியில ஒரு கண்ணாடிக் கூண்டு தொங்குமே, அதுக்குள்ள ஒருத்தன் உக்காந்திருப்பானே, அது நான். காலையில ஏணி ஏறுனா சாயங்காலந்தான் இறக்கம். நடுவுல ஒண்ணுக்கு வந்து இறங்கி ஏறுனா, வேலை நின்னுபோச்சுன்னு கீழ இருக்கற மேஸ்திரி என் பரம்பரையையே இழுப்பான். அதனால காலையில வாய நனைச்சுக்கறதோட சரி. எங்க ஆளுங்க எல்லாருமே அப்படித்தான். பாட்டில் தூக்கிக்கிட்டு ஏறுறவனப் பாத்தா, என்னடா பால் பாட்டிலான்னு ஓட்டுவோம். மத்தியானம் மண்டை இடிக்கும். உதடு வெடிக்கும். ஒண்ணுக்கு டீத்தண்ணி கலர்ல எரிஞ்சுக்கிட்டு வரும். வெயில்னு நெனச்சோம். வேற என்னத்த நெனைக்கிறது?

இப்பச் சொல்றாங்க, அப்படிக் காயப் போட்டா உள்ள கல்லு சேருமாம். டாக்டரு சின்னப் பொண்ணு. வயசானா தாகமே சரியாத் தெரியாது, தாகம் வரட்டும்னு உக்காந்திருக்காதீங்க, நீங்களா நெனச்சு நெனச்சுக் குடிங்கங்குது. அதுகிட்ட வேற ஒரு கூத்து. வெறும் வயித்தோட ரத்தம் குடுக்க வாங்கன்னுச்சு. வெறும் வயிறுன்னா வெறும் வயிறுதானே? தண்ணியும் தொடாம போனேன். கையில நரம்பே கிடைக்கல. அந்த நர்ஸம்மா குத்திக் குத்திப் பாத்துட்டு, சோறுதான் பெரியவரே கூடாது, தண்ணிய யாரு வேண்டாம்னதுன்னு ஒரு பிடி பிடிச்சுது.

இப்பக் குடிக்கிறேன், குடிக்கிறேன். வீட்ல இல்ல. தெருமுனைக் கடை ஓரமா நின்னு, திருட்டு பீடி குடிக்கிறவன் மாதிரி.

ஏன்னா கேக்கறீங்க? வீட்டுக்காரிக்கு முன்னால குடிக்க முடியலங்க. அவளுக்குக் கிட்னி ரெண்டும் போச்சு. இதே ஆஸ்பத்திரிதான், மேல மாடியில ரத்தம் சுத்தம் பண்ற மிஷின்ல படுத்திருக்கா. தண்ணி அளவுதான் அவளுக்கு. அதுக்கு மேல போனா வெளிய போக வழியில்ல, உடம்புலேயே நின்னு மூச்சு முட்டிடும். மாத்திரை முழுங்கறப்ப கொஞ்சம். மத்த நேரம் ஒரு ஐஸ்கட்டிய நாக்குல வச்சுக்கிட்டுக் கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருப்பா. குழாயத் திறந்தா பேசிக்கிட்டிருக்கறத நிறுத்திடுவா. ஒருநாள் என் தொண்டையையே பாத்துட்டு, கொஞ்சம் சத்தமில்லாம குடிக்கக் கத்துக்கோங்களேன்னா. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னா. அன்னையிலேருந்து கடைதான்.

யாரக் கூப்பிடுறாங்க? கொஞ்சம் கேளுங்க, எனக்குக் காதும் பாதிதான்.

நானா? என்னையா? தோ வர்றேம்மா. ஓடச் சொல்லாத, ஓடுனா எல்லாம் இங்கேயே போயிடும்.

கையக் குடுங்க தம்பி. மெதுவா, மெதுவா.

எனக்கு என்ன நோயா? எனக்கு ஒரு நோயும் இல்லங்க. ரத்த குரூப் ஒத்துப்போச்சு. கல்லு கில்லு இல்லாம உள்ள ரெண்டும் நல்லா இருக்குன்னா, ஒண்ணு அவளுக்கு. அவகிட்டச் சொல்லல. மூட்டு வலிக்குக் காட்டிட்டு வர்றேன்னுதான் கீழ இறங்குனேன். கல்லு இருந்துச்சுன்னா, நான் மூட்டு வலிக்குத்தான் வந்தேன்.

வழி விடுங்க.