கொள்ளு தின்றும் தேறாத குதிரை

பெருங்களத்தூர் நெரிசலில் ஷேர் ஆட்டோ நின்றுவிட்டது. எனக்கு எதிரே, தீவனக் கடை வாசலில் ஏறிய இருவர். காலடியில் கொள்ளு மூட்டை வைத்திருந்தவர் கூட ஏறிய அம்மாவிடம் சொன்னார்:

“குதிரைக்கு ரெண்டு வேளையும் கொள்ளு ஊற வெச்சிப் போடறேன்க்கா. எலும்பா நிக்குது. ஞாயித்துக்கிழம மாப்ள ஊர்வலம். மாப்ள வேற நல்ல கனம்.”

“லத்தில கொள்ளு முழுசா வருதா?”

“வருது. கோழிங்க பொறுக்கிக்கினு கீது.”

“அப்ப நீ கோழியத்தான் வளக்கற, பாய். எங்க மாடு மெல்லாட்டி மொதல்ல பல்லத்தான் பாப்போம். உன் குதிர வாயத் தொறந்து பாத்தியா?”

அவர் நெரிசலை எட்டிப் பார்த்தார். உட்கார்ந்தார். மறுபடி எட்டிப் பார்த்தார்.

“திங்கச் சொல்லோ தலையச் சாய்ச்சிக்கும். திமிருன்னு நெனச்சி அடிச்சேன்க்கா.”



அவர் மூட்டையை அப்படியே விட்டுவிட்டு இறங்கினார். வண்டிகளுக்கு நடுவே வேகமாக நடந்தார்.